செத்தவர்களை வரிசையில் நிறுத்தியவர்

மாநகராட்சிக் கணினிப் பிரிவில் எல்லோரும் அவரை 'லோடு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. ஊரிலுள்ள ஒவ்வொரு துறையும் அனுப்பும் பெரிய பெரிய டெக்ஸ்ட் கோப்புகளை டேட்டாபேஸ் டேபிள்களுக்குள் ஏற்றுவது அவர் வேலை. தண்ணீர் மீட்டர், தெருவிளக்கு, நாய் உரிமம், நூலக உறுப்பினர் என்று எது வந்தாலும் ஏற்றுவார்.

அவருக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது நடுவில் நின்ற உறவுக்காரர், "பையன் மாநகராட்சியில லோடு ஏத்துறான்" என்று சொல்லிவைத்துவிட்டார். வருங்கால மாமியார் முதல் சந்திப்பில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை ஏத்துவீங்க?"

"மூட்டை இல்லீங்க, கோப்புல இருக்கற வரி. போன வாரம் ஆறு லட்சம் ஏத்தினேன்."

"ஆறு லட்சமா! முதுகு என்னத்துக்கு ஆகும்?"

விஷயம் புரிந்த பிறகு மாமியாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மூட்டை தூக்குகிறவராக இருந்தால் வீட்டில் பீரோவையாவது நகர்த்தி வைப்பார்.

இந்த வேலையை லோடுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தவர் அவர். ஏற்றத் தெரிந்த ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட, அந்த நாற்காலியில் இவரைத் தள்ளிவிட்டார்கள். கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டார். முதன்முதலில் வந்த கோப்பை 'சும்மா ஒரு பார்வை' என்று எக்செல்லில் திறந்து, மூடும்போது சேமித்தும் வைத்தார். எண்களுக்கு முன்னால் இருந்த பூஜ்யங்களை எக்செல் ஒன்றுவிடாமல் தின்று ஏப்பம் விட்டது. அந்த மாதம் ஒரு பள்ளிக்கூடம் குடித்த தண்ணீர் முழுவதும் ஒரு முடிதிருத்தும் கடையின் பெயரில் ஏறியது. கடைக்காரர் கத்திரிக்கோலோடு ஆபீசுக்கு வந்தார்.

இப்படி அடிபட்டு அடிபட்டு அவருக்கென்று சில பழக்கங்கள் சேர்ந்தன. கோப்பு வந்தால் முதலில் கடைசி வரியைப் பார்ப்பார். அனுப்பும் வழியில் வால் அறுந்திருந்தால் அங்கேதான் தெரியும். பழக்கம் முற்றிப்போய், நாவல்களைக்கூடக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். எந்தக் கோப்பையும் நேரே நிஜ டேபிளில் ஏற்ற மாட்டார். முன்னால் ஒரு தற்காலிக டேபிள் போட்டு, எல்லாக் கட்டத்தையும் வெறும் எழுத்தாகவே வாங்கிக்கொள்வார். அதற்கு அவர் வைத்த பெயர் வாசல் டேபிள். "வர்றவனை வாசல்லயே மறிச்சு, நீ தேதியா எண்ணான்னு கேட்டா கோவிச்சுக்கிட்டுத் திரும்பிடுவான். பின்னால வர்ற பத்தாயிரம் பேரையும் கூட்டிக்கிட்டுப் போவான். மொதல்ல உள்ள விடு, உக்கார வை, அப்புறம் விசாரி" என்பார். மூன்றாவது பழக்கம், வந்த கோப்பைத் தொடவே கூடாது. நகல் எடுத்து நகலில்தான் கை வைக்க வேண்டும். இந்த மூன்றாவதை அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மீறினார். கதை அதைப் பற்றியது.

அதற்கு முன்னால் மாமியாரின் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாமியார் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்கக் காதில் ஊர்க் குரல்களை மாட்டிக்கொண்டு வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே மாமனார் காத்திருப்பார். நல்ல மனிதர். ஒரே குறை, விளக்கம் சொல்வார். மழையில் தொப்பலாக நனைந்து வந்து நிற்பவரிடம் மழை எப்படி உண்டாகிறது என்று சொல்வார். குக்கர் விசில் அடித்தால் ஏன் அடிக்கிறது என்று சொல்வார். தூக்கத்திலும் பாதி விளக்கம் வரும். மீதிப் பாதியைக் காலையில் எழுந்து முடிப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் காலமானார். மாநகராட்சி இடுகாட்டில் ஒரு வரிசையின் தொடக்கத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. மண் போட்டு முடித்ததும் அப்போதிருந்த கிளார்க் மரியாதையாகக் கேட்டார்.

"அடுத்த இடம் காலியாத்தான் இருக்கும்மா. உங்க பேருக்கு எழுதிடட்டுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மாமியார், துடைத்த கைக்குட்டையாலேயே இடுகாட்டின் மறுகோடியைக் காட்டினார். "அதோ, சுவரோரம். எங்க அக்கா பக்கத்துல எழுதுங்க."

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தொலைபேசி நிலையத்தில் பக்கத்து நாற்காலிக்காரர். எத்தனையோ வருடம் ஒட்டி உட்கார்ந்தும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத புண்ணியவதி. மாமனாருக்கு முன்பே போய்ச் சுவரோர வரிசையில் முதல் ஆளாகப் படுத்திருந்தார்.

"என்னம்மா, கட்டின புருஷன் பக்கத்துல..." என்று கிளார்க் இழுத்தார்.

"நாப்பது வருஷம் கேட்டாச்சு. செத்த பிறகாவது காதுக்கு ரெஸ்ட் வேணாமா?"

சொந்தக்காரர் அல்லாதவருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்க விதியில் வழியில்லை என்றார்கள். மாமியார் ஆணையர் அறை வரை ஏறி, விதியை வளைத்து, இடத்தை வாங்கினார். அந்த அனுபவத்துக்குப் பிறகு மாநகராட்சி முன்பதிவையே நிறுத்திவிட்டது. ரசீதை மாமியார் பத்திரமாக வைத்தார். எவ்வளவு பத்திரம் என்றால், எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாத அளவுக்குப் பத்திரம்.

இதை விளையாட்டு என்று நினைக்கக் கூடாது. மாதம் ஒரு முறை பஸ் பிடித்து இடுகாட்டுக்குப் போவார். அக்காவின் கல்லைத் துடைப்பார். பக்கத்திலுள்ள தன் இடத்தில் முளைத்த களையைப் பிடுங்குவார். திரும்பும்போது மாமனாரிடமும் போவார்; ஆனால் உட்கார மாட்டார். கண் ஆபரேஷனுக்கு அழைத்துப்போன அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மகளிடம் அவர் சொன்னது இது ஒன்றுதான்: "எதாவது ஆச்சுன்னா சுவரோரம். மறந்துடாத."

இப்போது கோப்புக்கு வருவோம்.

ஊரின் எல்லா இடுகாடுகளையும் கணினியில் ஏற்றுவது என்று மேலிடம் முடிவெடுத்தது. செத்தவர் பெயரைப் போனில் தட்டினால் எந்தப் பிரிவு, எந்த வரிசை, எத்தனையாவது இடம் என்று வர வேண்டும். பழைய பதிவேடுகளை முன்பே ஒரு தட்டச்சு நிறுவனத்திடம் கொடுத்து டெக்ஸ்ட் கோப்பாக அடித்து வாங்கியிருந்தார்கள். அடித்து முடித்ததும் பதிவேடுகளைக் கிடங்கில் போட்டுப் பொறுப்பைக் கரையானிடம் ஒப்படைத்துவிட்டார்கள். தட்டச்சு நிறுவனமும் அதன் பிறகு கடையை மாற்றி இப்போது செல்போன் உறை விற்கிறது. மிஞ்சியது ஒரே ஒரு சிடி. நூறு வருடத்துச் சாவு, லட்சக்கணக்கான வரிகள், ஒரே கோப்பு.

லோடு சிடியிலிருந்து கோப்பை இறக்கிக்கொண்டு, சிடியை நல்லபடியாக இடுகாட்டுக்கே திருப்பி அனுப்பினார். வழக்கப்படி கடைசி வரியைப் பார்த்தார். வால் சரியாக இருந்தது. வாசல் டேபிளில் ஏற்றினார். முதல் முயற்சியிலேயே விபரீதம். லட்சக்கணக்கான வரியில் பாதிகூட வந்து சேரவில்லை. திறந்து பார்த்தால் ஒரே கட்டத்துக்குள் ஒரு வரிசைப் பிணம் முழுக்கக் குவிந்து கிடந்தது. ஏற்றும் நிரலுக்கு இரட்டை மேற்கோள் குறி என்றால், அடுத்த குறி வரும் வரை எல்லாம் ஒரே பொருள். கோப்பிலோ அந்தக் குறி எறும்பு மாதிரி ஊர்ந்தது. குறியைக் கண்டுகொள்ளாதே என்று நிரலுக்குச் சொல்லிவிட்டு மறுபடி ஏற்றினார்.

இந்த முறை எல்லோரும் வரத் தொடங்கினார்கள், ஆனால் நத்தை வேகத்தில். டேபிள் பதிவு எண் வரிசையில், அதாவது யார் முதலில் பதிவானார் என்ற வரிசையில், அடுக்கப்பட்டது. கோப்போ வேறு ஏதோ வரிசையில் இருந்தது. ஒவ்வொரு வரியும் தனக்கான இடத்தைத் தேடி நடுவில் புகுந்து உட்கார வேண்டியிருந்தது. கண்காணிப்பாளர் மணிக்கொரு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா லோடு, செத்தவங்கதானே? ஓடவா போறாங்க? இவ்வளவு நேரமா?"

ஏற்றுகிறவர்களுக்கு இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. கோப்பை முன்கூட்டியே டேபிளின் வரிசைக்கு அடுக்கிவிட்டால், வரிகள் வாலில் வாலாகச் சேர்ந்துகொண்டே போகும். நாள் கணக்கான வேலை மணிக் கணக்கில் முடியும். நகல் எடுக்கப் பார்த்தார். கணினியில் இடமில்லை, நாய் உரிமம் அடைத்துக்கொண்டிருந்தது. 'அடுக்குவதுதானே, ஒரு எழுத்துக்கூட மாறப்போவதில்லையே' என்று மனம் ஆறுதல் சொன்னது. மூலக் கோப்பையே பதிவு எண்படி அடுக்கி, அதன் மேலேயே சேமித்தார்.

அடுக்கிய கோப்பு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. பிறகு வாசல் டேபிளில் உட்காரவைத்து விசாரித்தார். பிரிவு, வரிசை என்ற இரண்டு கட்டத்திலும் முக்கால்வாசிப் பேருக்கு வெறும் மேற்கோள் குறி மட்டும் இருந்தது. பார்த்ததும் புரிந்தது. காகிதத்தில் எல்லோரும் செய்வதுதான்: மேல் வரியில் உள்ளதே இங்கும் என்றால் மறுபடி எழுதச் சோம்பல்பட்டு ஒரு குறி போட்டுவிடுவார்கள். மேற்படி. தட்டச்சுக்காரர்களும் பார்த்ததைப் பார்த்தபடி அடித்திருக்கிறார்கள். லோடு புன்னகைத்தார். குறி உள்ள ஒவ்வொரு வரிக்கும் அதற்கு மேலுள்ள வரியின் பிரிவையும் வரிசையையும் எடுத்து நிரப்பும்படி ஒரு கட்டளை எழுதினார். நிரம்பியது. நிஜ டேபிளுக்கு மாற்றினார். ஒரு வரிகூடத் திரும்பவில்லை. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு சுத்தமான ஏற்றத்தை அவர் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலையே கண்காணிப்பாளர் அதை ஊருக்குத் திறந்துவிட்டார். "நூறு சதவீதம்யா! செத்தவங்க மாதிரி ஒத்துழைப்பு உயிரோட இருக்கறவன் எவன் குடுக்கறான்?"

சனிக்கிழமை காலை லோடு பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

"மாப்பிள்ளை! இங்க வாங்க! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

வாயில் நுரையோடு ஓடினார். மாமியார் போனை நீட்டினார். திரையில் அவருடைய பெயர். நிலை: முன்பதிவு. கீழே பிரிவு, வரிசை, இடம்: இரண்டு. எல்லாம் மாமனாரின் பிரிவு, மாமனாரின் வரிசை. மாமனார் இடம் ஒன்று. மாமியார் இடம் இரண்டு.

"அவர் பக்கத்துலயே கொண்டு போய்ப் படுக்க வெச்சுட்டீங்களே! உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"அத்தை, டேட்டா தப்பா இருக்காது. நூறு சதவீதம்..."

"அக்கா பக்கத்து இடம் என்னன்னு பாருங்க."

பார்த்தார். சுவரோரம், இடம் ஒன்று அக்கா. இடம் இரண்டு: காலி.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏங்க, அப்பாவும் நீங்களும் சேர்ந்து பண்ணின வேலையா இது? அவர் போற அன்னைக்கு உங்க காதுல ஏதோ சொன்னாரே!"

"அது ரத்த அழுத்தம் எப்படி ஏறுதுன்னு சொன்னார்!"

லோடு இன்னும் சில பெயர்களைத் தட்டினார். தொண்ணூறு வயதில் செத்த ஒரு நீதிபதி குழந்தைகள் பிரிவில் கிடந்தார். அவருக்கு அடுத்த இடத்தில் ஒரு மல்யுத்த வீரர். லோடுக்கு நுரை தொண்டையில் இறங்கியது. பதிவேட்டில் ஒரு பக்கம் என்பது தரையில் ஒரு வரிசை. முதல் ஆளுக்கு மட்டும் பிரிவையும் வரிசையையும் முழுதாக எழுதி, மீதி அத்தனை பேருக்கும் குறி போட்டிருக்கிறார்கள். மேல் வரி என்றால் தரையில் பக்கத்தில் படுத்திருப்பவர். அவரோ வரிகளைப் பதிவு எண்படி அடுக்கிவிட்டு, அதன் பிறகு மேல் வரியைப் பார்த்து நிரப்பியிருக்கிறார். பக்கத்து ஆளைக் கேட்க வேண்டிய இடத்தில் முந்தின நாள் செத்தவரைக் கேட்டிருக்கிறார். மாமனாரைப் புதைத்த அன்றே மாமியாரின் முன்பதிவு விண்ணப்பத்துக்கும் எண் போட்டிருந்ததால் அவர் எண்ணுக்கு அடுத்தது இவர் எண். அடுக்கியதும் கணவருக்குக் கீழே வந்து நின்றார். அவருடைய பிரிவையும் வரிசையையும் வாங்கிக்கொண்டார்.

ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஊர்ப் பிணம் மொத்தமும் இடம் மாறிவிட்டது.

பழைய வரிசை மிஞ்சியிருந்தால் அது சிடியில்தான். இடுகாட்டுக்குப் போன் போட்டார், காவலாளி எடுத்தார். "அண்ணே, அந்த சிடி பத்திரமா இருக்கா?"

"இருக்கு சார். கொய்யா மரத்துல கட்டித் தொங்க விட்டிருக்கேன். வெயில்ல பளபளன்னு ஆடும் பாருங்க, ஒரு காக்கா கிட்ட வராது."

"இன்னைக்கு யாருக்காவது இடம் குடுக்கறீங்களா?"

"ஒண்ணு இருக்கு சார். சாயங்காலம் வராங்க. சுவரோரம் காலின்னு கம்ப்யூட்டர்ல காட்டுச்சு, தோண்டிக்கிட்டு இருக்காங்க."

மாமியார் ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கையில் மடக்கு நாற்காலி.

ஆட்டோவில் ஏறியதும் லோடு கண்காணிப்பாளருக்குப் பேசினார். நடந்ததைச் சொன்னார்.

"இங்க பாருய்யா. செத்தவங்க யாராவது புகார் குடுப்பாங்களா?"

"ஒருத்தங்க உயிரோட இருக்காங்க சார்."

"யாரு?"

"எங்க மாமியார். பக்கத்துல உக்காந்திருக்காங்க. பேசறீங்களா?"

"வேணாம், வேணாம். திங்கட்கிழமை பாத்துக்கலாம். அதுவரைக்கும் எதையும் தொடாத. நூறு சதவீதம்னு மேலிடத்துக்குச் சொல்லியாச்சு."

சுவரோரம் இரண்டு பேர் இடுப்பளவுக் குழிக்குள் நின்று மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கல்மேல் ஒருவர் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார். மாமியார் சட்டையை எடுத்து உதறி மடித்து அவர் கையில் கொடுத்தார். குழியின் விளிம்பில் நாற்காலியை விரித்தார். உட்கார்ந்தார்.

ஒல்லியான இளம் கிளார்க் ஓடிவந்தார். "அம்மா, எந்திரிங்க. சாயங்காலம் வரவங்களுக்கு இது."

"இது என் இடம்."

"கம்ப்யூட்டர்ல காலின்னு காட்டுதும்மா."

"காலியா? நான் உக்காந்திருக்கேன், கண்ணு தெரியலையா?"

"உங்க பேர்ல அந்தக் கோடியில ஒண்ணு இருக்கும்மா. பாத்தேன். வீட்டுக்காரர் பக்கத்துல. நல்ல இடம்."

"அதை நீ எடுத்துக்க தம்பி. நல்ல இடம்."

கிளார்க் லோடு பக்கம் திரும்பினார். "சார், நான் வந்து ஆறு மாசம்தான் ஆகுது. பழைய விஷயம் எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சொல்றதுதான் எனக்குக் கணக்கு. இது உங்க கம்ப்யூட்டர்தானே?"

லோடு குழியைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். "என் கம்ப்யூட்டர்தான். தப்பாச் சொல்லுது. அப்படிச் சொல்ல வெச்சது நான்தான்."

கொய்யா மரத்தடித் திட்டில் மடிக்கணினியைத் திறந்தார். வாசல் டேபிளை அவர் இன்னும் கலைத்திருக்கவில்லை. எந்தெந்த வரியில் குறி இருந்தது என்று அங்கே தெரிந்தது. முழுதாக எழுதியிருந்த முதல் ஆட்களை அப்படியே விட்டார். குறி இருந்த அத்தனை பேருக்கும் நிஜ டேபிளில் பிரிவையும் வரிசையையும் அழித்தார். பொய்யாக ஒரு இடம் காட்டுவதைவிடக் கட்டம் வெறுமையாக இருப்பது மேல். திரையில் 'தெரியாது' என்று வரும். நூறு சதவீதம் கந்தலாகிக் கால்வாசியில் வந்து நின்றது. தலைக்கு மேல் சிடி, இனி எந்தக் கணினியும் படிக்க முடியாதபடி கீறல் விழுந்து, பளபளவென்று ஆடியது. ஒரு காக்கை அதன்மேலேயே உட்கார்ந்து கொய்யாவைக் கொத்திக்கொண்டிருந்தது.

கிளார்க் தன் அறையிலிருந்து அலறிக்கொண்டு வந்தார். "சார்! எல்லாரையும் காணாமப் பண்ணிட்டீங்களே! எவன் எங்க இருக்கான்னு தெரியாதுங்குது!"

"காலையிலயும் தெரியாது. இப்பத்தான் உண்மையைச் சொல்லுது."

"இப்ப நான் யாருக்கும் எந்த இடத்தையும் குடுக்க முடியாதே! சாயங்காலம் வரவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

அவர்களில் ஒருவர் அதற்குள் வந்துவிட்டார். செத்தவரின் மகன், குழி தயாரா என்று பார்க்க வந்தவர். இரவெல்லாம் தூங்காத முகம். குழி விளிம்பில் ஒரு அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்.

மாமியார்தான் முதலில் பேசினார். "வாங்க தம்பி. அப்பாவா?"

"ஆமாங்க."

"என்ன வேலை பாத்தார்?"

"பாய்லர் கம்பெனியில ஃபோர்மேன். ரிட்டையர் ஆகி ரொம்ப நாளாச்சு."

"பாய்லரா... சத்தம் ஜாஸ்தி இருக்குமே."

"அதுலதான் காது போச்சு. கடைசி இருபது வருஷம் சுத்தமாக் கேக்காது. ஆனா யார் வந்து எதைப் பேசினாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவாரு. அதனாலயே தெருவுல இருக்கறவங்க எல்லாம் அவரைத் தேடி வந்து உக்காந்து பேசுவாங்க."

மாமியார் நாற்காலியில் நிமிர்ந்தார். தொலைபேசி நிலையத்தில் சரியான இணைப்பைக் கண்டுபிடித்தபோதெல்லாம் அவர் முகம் இப்படித்தான் மலர்ந்திருக்க வேண்டும்.

"தம்பி, இது ஈரம் கட்டுற மண்ணு. சுவத்துக்குப் பின்னால சாக்கடை வேற. அந்தக் கோடியில, வேப்ப மரத்து நிழல்ல ஒரு இடம் இருக்கு. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல. எனக்கு வெச்ச இடம். அதை உங்க அப்பாவுக்குத் தரேன்."

"ஐயோ, உங்க இடத்தை எப்படிங்க..."

"எங்க வீட்டுக்காரர் நல்லாப் பேசுவார். உங்க அப்பா நல்லாத் தலையாட்டுவார். ரெண்டு பேரும் ஒத்துப் போவாங்க. நான் சொல்றேன், கேளுங்க."

லோடு மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தால் சிரித்துவிடுவோமோ என்று பயம். ஆனால் மகன் சிரித்தார். இரண்டு நாளில் முதல் முறையாக இருக்கும். போய்ப் பார்த்தார், நிழல் பிடித்தது, சம்மதித்தார். முன்பதிவே நின்றுபோன இடுகாட்டில் அந்த இடத்துக்குப் போட்டியாக வேறு யாரும் இல்லை என்பதை லோடு வாசல் டேபிளில் ஒவ்வொரு முன்பதிவாகத் தேடி உறுதி செய்துகொண்டார்.

தோண்டியவர்கள்தான் முணுமுணுத்தார்கள். "அப்போ இந்தக் குழி?"

மாமியார் எட்டிப் பார்த்தார். "மூடிடுங்கப்பா. எனக்கு இன்னும் அவசரமில்லை. அப்படியே வந்தாலும் இந்த ஆழம் பத்தாது."

ஆனால் கிளார்க் அசையவில்லை. இரண்டு இடமும் திரையில் 'தெரியாது' என்று இருக்கும்போது எப்படிக் கொடுப்பது? லோடு மடிக்கணினியை முழங்காலில் வைத்து, நிஜ டேபிளில் இரண்டு வரிகளைக் கையாலேயே அடித்தார். லட்சக்கணக்கில் ஏற்றியவருக்கு ஒற்றை ஒற்றையாக அடிப்பது கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்து, குச்சியால் தரையில் வரிசையை எண்ணிச் சரிபார்த்து அடித்தார். ஃபோர்மேன்: வேப்ப மர வரிசை, இடம் இரண்டு. மாமியார்: சுவரோர வரிசை, இடம் இரண்டு.

கிளார்க் அறைக்கு ஓடிப்போய்த் திரும்ப ஓடிவந்தார். முகத்தில் நிம்மதி. "இருக்கு சார்! இப்ப கம்ப்யூட்டர்ல இருக்கு!"

"அடிச்சது நான். நீ பாத்துக்கிட்டேதானே நின்னே?"

"அது வேற சார். இப்ப கம்ப்யூட்டர்லயே இருக்கு."

சாயங்காலம் ஃபோர்மேனைக் கொண்டுவந்தார்கள். மாமியார் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். மண் போட்டு எல்லோரும் கலைந்த பிறகு மாமனாரின் தலைமாட்டில் போய் நின்றார். "ஆள் வந்தாச்சு. இனி நிறுத்தாமச் சொல்லுங்க" என்றார். சொன்ன பிறகும் கிளம்பவில்லை. லோடு ஆட்டோ பிடித்துவிட்டு வந்து பார்த்தபோது மாமியார் நாற்காலியை விரித்து, மூன்று வருடங்களில் முதல் முறையாக, அங்கே உட்கார்ந்திருந்தார். லோடு ஆட்டோக்காரரிடம் போய்க் கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் குதித்தார். மெமோ கொடுத்தார். பிறகு மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வந்ததும் யோசித்து, இது பிழை இல்லை, 'தரவுத் தூய்மை இயக்கம்' என்று எழுதி அனுப்பினார். மேலிடம் பாராட்டியது. இயக்கம் என்றால் யாராவது இயங்க வேண்டுமே. அதனால் இப்போது சனிக்கிழமைகளில் லோடு மடிக்கணினியோடு இடுகாட்டுக்குப் போகிறார். வரிசையாக நடந்து, கல்லில் உள்ள பெயரைப் படித்து, எங்கே படுத்திருக்கிறார் என்று ஒவ்வொருவராக அடிக்கிறார். மாமியாரும் கூட வருகிறார். கல் உடைந்த இடங்களில் இடது வலது ஆட்களைப் பார்த்தே, "இது மருந்துக்கடைக்காரர். ட்ரங்க் கால் போட்டா இருமிக்கிட்டே பேசுவார்" என்று அவர் ஆளை அடையாளம் சொல்கிறார். லோடு நம்ப மாட்டார். பிறந்த வருடத்தையும் பதிவு எண்ணையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் அடிப்பார். நீதிபதியைக் குழந்தைகள் பிரிவிலிருந்து மீட்டுவிட்டார்கள். மல்யுத்த வீரர் இன்னும் கிடைக்கவில்லை.

போன சனிக்கிழமை சுவரோர வரிசையை முடித்தார்கள். லோடு திரையைக் காட்டினார். இடம் ஒன்று அக்கா, இடம் இரண்டு மாமியார். மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இடம் மூணு என்ன மாப்பிள்ளை?"

"காலி அத்தை. தரையிலயும் பாத்தேன், நிஜமாவே காலி."

"உங்க பேரைப் போட்டு வெச்சுக்கறதுதானே? நீங்களும் அதிகம் பேச மாட்டீங்க."

லோடு மடிக்கணினியைச் சட்டென்று மூடினார். "முன்பதிவு நிறுத்திட்டாங்களே அத்தை."

"ஆணையர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"இல்ல அத்தை... வீட்ல ஒரு வார்த்தை கேக்கணும். அவ என்ன நினைக்கிறாளோ. அவளுக்கு என் பக்கத்துலயே இருக்கணும்னு இருக்கும்..."

"அதெல்லாம் கேட்டுட்டேன்" என்றார் மாமியார், களை பிடுங்கிய கையைத் தட்டிக்கொண்டே. "அவளுக்கு வேற இடம் பாக்கச் சொல்லியிருக்கா."